நேரம் கெட்ட சங்கு

அன்று காலை ஆற்றையே காணவில்லை. அப்படி ஒரு பனி! படகுத்துறை அலுவலகத்தின் சன்னல், படிக்கட்டு, கொடிக்கம்பம் எல்லாம் பாலில் கரைந்துகொண்டிருந்தன. சங்குக்காரர் கையை நீட்டிப் பார்த்தார். விரல்கள் வேறு யாருடையவோ போலிருந்தன.

அலுவலகங்கள் திறக்கக் காலையில் ஒரு தடவை, மூட மாலையில் ஒரு தடவை மின்சாரச் சங்கை ஊதுவது அவர் வேலை. மற்ற நேரத்தில் பொத்தானைத் தொடக்கூடாது. பழைய அதிகாரி, இவர் தும்மினால்கூட "யாரைக் கேட்டுய்யா?" என்பார். போன மாதம் புது அதிகாரியாக வந்த அம்மா வேறு மாதிரி. "பார்த்துச் செய்ங்க. பேச்சு வந்தா என் பக்கம் திருப்பிவிடுங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

"வந்த புதுசுல எல்லாரும் தேனாத்தான் பேசுவாங்க. நம்பிக் கழுத்தை நீட்டிடாதீங்க" என்றாள் மனைவி. அவருக்கும் அப்படித்தான் பட்டது.

காலைச் சங்கு ஊதி வெகுநேரம் கழித்து, பனிக்குள்ளிருந்து குரல்கள் மிதந்து வந்தன. அரசுப் படகு. "கரை எந்தப் பக்கம்யா?" என்று படகோட்டி கத்தினார். இவரும் கத்தினார், இன்ஜின் சத்தத்தில் அது யார் காதில் விழும்? ஆற்றில் கொஞ்சம் கீழே தடுப்பணை. படகின் சத்தம் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு குழந்தை அழுதது. பனியில் அதிகாரி இன்னும் வந்து சேரவில்லை.

"இது என் வேலைக்கே ஊதுற சங்குதான். ஊதிட்டுப் போறேன்" என்று முணுமுணுத்தபடி பொத்தானை அமுக்கினார். விடவே இல்லை. வெள்ளைப் பனிக்குள் சங்கு நீண்டுகொண்டே போனது. மெல்ல மெல்ல இன்ஜின் சத்தம் திரும்பி, படகு வந்து படிக்கட்டில் முட்டியது.

எல்லோரும் பத்திரமாக இறங்கினார்கள். ஆனால் கூத்தைக் கேளுங்கள்: பக்கத்து அலுவலகங்களில் பாதிப் பேர் பழக்க தோஷத்தில் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்! அந்தப் பனியில் காலை எது, மாலை எது என்று யாருக்குத் தெரிந்தது?

தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அதற்குள் வந்துவிட்டிருந்த அதிகாரி இவரை அறைக்குள் கூப்பிட்டார். மறுமுனையின் இரைச்சல் இவருக்கே கேட்டது.

"ஆமா சார், அவர்தான் ஊதினார். பார்த்துச் செய்யச் சொன்னது நான். விளக்கம் வேணும்னா என்கிட்ட கேளுங்க" என்றார் அதிகாரி. "இல்ல சார், அவர் செஞ்சது சரி."

போனை வைத்தார். சங்குக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அடுத்த தடவை இப்படிப் பனி வந்தா என்ன பண்ணலாம்? நீங்க சொல்லுங்க."

இத்தனை வருடச் சர்வீசில் அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதிகாரிகள் முன்னால் நின்றே பழகிய மனிதர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பேச ஆரம்பித்தார்.