மூலைப் பல்

அச்சகக்காரர் அந்த மாதம் முழுவதும் வாயை மூடிக்கொண்டே சிரித்தார். காரணம் எங்கள் அஞ்சல்தலைச் சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

சங்கம் கூடுவது அவருடைய அச்சகத்தின் மாடியில். கீழே இயந்திரம் ஓடினால் மேஜைமேல் இடுக்கிகள் மெல்ல நடுங்கும். கண்காட்சிக்காக அவர் எடுத்துவந்தது, கரும்பச்சையில் பாய்மரக் கப்பல் போட்ட ஒரு பழைய ஸ்டாம்ப். காகிதப் பைத்தியம் என்று அவரை ஓயாமல் கேலி செய்யும் அவர் மனைவி, தானே தேடிப்போய் வாங்கிக்கொடுத்தது. எங்கள் சங்கத்துப் பல் டாக்டரம்மா அதை லென்சுக்கு அடியில் வைத்துப் பார்த்தார். ஸ்டாம்பின் ஓரத்தில் வரிசையாக நீட்டிக்கொண்டிருப்பதை நாங்களும் பல் என்றுதான் சொல்வோம்.

“அண்ணே, இந்த மூலைப் பல் கட்டினது. வேற காகிதத்த ஒட்டியிருக்காங்க.”

“உங்களுக்கு எதப் பாத்தாலும் அப்படித்தான் தோணும்.”

“உங்க முன்பல்லக் கட்டினதே நான்தான். எனக்குத் தெரியாதா?”

யாரோ சிரித்துவிட்டார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது. அவர் ஸ்டாம்பை உறைக்குள் செருகினார்.

“இந்தப் பல் பொய்யின்னா கண்காட்சியும் வேணாம், சங்கமும் வேணாம். மாடிய வாடகைக்கு விட்டுடறேன்.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணு, நீ சொல்லும்மா. உன் வாயில பொய் வராது. நீதான் வாயே தொறக்கறதில்லையே.”

அடுத்த கூட்டத்துக்குப் புற ஊதா டார்ச் கொண்டுபோனேன். பழைய காகிதம் அந்த ஒளியில் மங்கிக் கிடக்கும். பிற்காலக் காகிதத்தில் வெளுப்புக்காகச் சேர்த்த பொருள் நீலமாக ஒளிரும். ஒளிரக் கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். படித்த படிப்புக்கு அது அழகில்லைதான். ஜன்னல்களைச் சாத்தினார்கள். டார்ச்சைப் போட்டேன். கப்பல் இருட்டில் மறைந்தது. மூலையில் ஒரு புள்ளி மட்டும் நீலமாக எரிந்தது.

நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“எவ்வளவு நேர்த்தி,” என்றார் டாக்டரம்மா, ஜெயித்தவர் குரலே இல்லாமல். “என் கைக்கு இது வராது. அண்ணே, அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உங்க பல்லப் பத்திப் பேசினது தப்பு.”

“அத விடுங்க. வாங்கிக் குடுத்தவகிட்ட நான் என்னன்னு சொல்றது?”

ஸ்டாம்பை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். இனி மாடி இல்லை என்றே நினைத்தோம்.

கண்காட்சி அன்று காலை கதவு திறந்திருந்தது. வெளிச்சம் எட்டாத மூலையில், கறுப்பு அட்டையில் அவரே ஒட்டிய ஒரு பெட்டி. உள்ளே கப்பல். மேலே, அவருடைய அச்சில்: ‘இதில் ஒரு பல் கட்டியது. கண்டுபிடியுங்கள்.’ தன் தோல்வியை இத்தனை சுத்தமாக அச்சடித்து ஒட்டிய ஒருவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மற்றவர்களின் அபூர்வங்களைத் தாண்டி வரிசை அங்கேதான் நின்றது. டார்ச்சைப் பிடித்து நின்றவர் டாக்டரம்மா.

மதியம் அச்சகக்காரரின் மனைவி வந்தார். எல்லோரும் வழிவிட்டோம். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“ஏமாந்துட்டேனா?”

“வந்தவங்க எல்லாரும் இதத்தான் பாக்கறாங்க,” என்றார் அச்சகக்காரர்.

அந்த அம்மா நிமிர்ந்தார். கணவரின் வாயைப் பார்த்தார். “உங்களுக்குன்னு பாத்துத்தானே வாங்கினேன். பொருத்தமாத்தான் அமைஞ்சிருக்கு.”

அச்சகக்காரர் வாய் திறந்து சிரித்தார். டாக்டரம்மாவும் சிரித்ததில் டார்ச்சின் ஒளி பெட்டியிலிருந்து விலகி அச்சகக்காரரின் முகத்தில் விழுந்தது. அந்த மங்கலில் சொந்தப் பற்களெல்லாம் நீலமாக ஒளிர்ந்தன. நடுவில் ஒன்று மட்டும் கறுப்பாக இருந்தது.