கடற்கரை மணலில் காய்த்த திராட்சை

மரியசெல்வத்துக்கு ஒரே ஓர் ஆசைதான் பாக்கி இருந்தது. மகன் நட்டுவிட்டுப் போன திராட்சைக் கொடியின் ரசம், மகனுக்காக வைக்கும் ஆண்டுப் பூசையில் பீடத்தின் மேல் ஏற வேண்டும். வேறு எதையும் அவன் மாதாவிடம் கேட்கவில்லை.

மகன் பெயர் அருளப்பன். சாந்தோம் குப்பத்தில் பிறந்த பிள்ளை கட்டுமரம் ஏறாமல் எங்கே போவான்? இவன் போனான். மாற்றலாகிப் போன பழைய சாமியாருக்குச் சமையல் துணையாகக் கம்பம் பக்கம் போய், அங்கே தோட்ட வேலையும் பழகிக்கொண்டான். திரும்பி வந்தபோது ஈரச் சாக்கில் சுற்றிய கறுந்திராட்சைக் குச்சிகளைக் கொண்டுவந்தான். பூசை ரசம் எடுப்பதே இந்தப் பழத்தில்தான் என்றான். ஒரு குச்சியை அடையாற்றங்கரை பங்களாவில் தோட்டக்காரனாக இருந்த கபாலிக்குக் கொடுத்தான். இன்னொன்றைக் குடிசைக்குப் பின்னால் மணலில் நட்டான். குப்பமே சிரித்தது. அந்த ஐப்பசியில் அவன் ஏறிப் போன கட்டுமரம் கரை திரும்பவில்லை. பிறகு யாரும் அந்தக் கொடியைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

மரியசெல்வம் மீன் கழிவைப் புதைத்து, நல்ல தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து ஊற்றி அதை வளர்த்தான். மூன்றாம் வருஷம் காய்த்தது. பழம் சின்னது, தோல் தடிப்பு. கபாலியின் கொடியோ ஆற்று வண்டலில் கொழுத்துப் போய், கோலிக்குண்டு அளவுக்குப் பழம் தந்தது. வாயில் போட்டால் வெறும் தண்ணீர். இரண்டும் ஒரே தாய்க்கொடியில் வெட்டிய குச்சிகள்தான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

இந்தப் பழத்து ரசத்தைப் பூசைக்கு வைக்கப் பங்குச் சாமியார் சம்மதித்தார். ஒரே நிபந்தனை, பழத்தைத் தவிர வேறு எதுவும் ஒரு துளிகூடச் சேரக்கூடாது. கம்பத்திலிருந்து வரும் பூசை ரசத்தில் கொஞ்சம் குப்பியில் ஊற்றி, "இதே பழம்தான், மரியசெல்வம். ருசியைப் பழகிக்கொள்" என்று கொடுத்தனுப்பினார். நல்ல மனதோடுதான் கொடுத்தார். வினையும் அதில்தான் வந்தது.

பழத்தை நசுக்கிச் சாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, நுரைத்து அடங்கியதும் வடித்தான். பிறகு இரண்டு ரசத்தையும் ருசி பார்த்தான். கம்பத்து ரசம் இனித்தது, பன்னீராய் மணத்தது. அவனுடையது புளித்தது, துவர்த்தது, கடைசியில் நாக்கில் லேசாகக் கரித்தது. ஊர் கூடும் இடத்தில் பிள்ளையைக் கிழிந்த சட்டையோடு நிறுத்துவதா? பனை வெல்லத்தை உடைத்து, சாடி முழுவதிலும் கரைத்தான். அதைத் திருட்டுப் புத்தி என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். பெற்றவன் வேறு என்னதான் செய்வான்?

சாமியார் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"வெல்லமா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு வரவில்லை. "ஆமா சாமி. கம்பத்து ரசம் மாரி இருக்கணும்னு..."

"இதைப் பீடத்தில் வைக்க முடியாதப்பா. வெறும் புளிப்பாக இருந்திருந்தால் வைத்திருப்பேன்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அந்த வருஷப் பூசை கம்பத்து ரசத்தில் நடந்தது. மரியசெல்வம் குனிந்த தலை நிமிரவில்லை.

வீட்டில் மனைவி மதலேனம்மாள் மீனுக்குச் செதிள் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேலையை நிறுத்தாமலே கேட்டாள்.

"சாமி அவ்ளோ சொல்லியும் இன்னாத்துக்குயா வெல்லத்தப் போட்ட?"

"கரிச்சிது மதலேன். அங்கத்த ரசம் எப்டி மணக்குது தெரியுமா? நம்ப புள்ள கொடி மட்டும் ஏன் இப்டி?"

"அங்கேர்ந்து வந்தப்ப உம்புள்ள எப்டிப் பேசிக்கினு வந்தான்? இங்கிட்டு, அங்கிட்டுன்னுக்கினு. எனக்கே பாதி புரியல. மாசம் தாண்டல, இன்னா நைனா, எங்க கீறன்னு கேட்டுக்கினு நின்னான். எதுயா உம்புள்ள? அதுவா, இதுவா?"

"ரெண்டும்தான்."

"அப்போ கரிச்சா கரிக்கட்டுமே. கடலாண்ட கீற கொடி வேற எப்டி இருக்கும்?" என்றவள் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, செதிள் ஒட்டிய கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கத்தியை எடுத்து மிச்ச மீனைத் தேய்த்தான்.

அடுத்த வருஷம் அவன் பழத்தை மட்டும் நசுக்கினான். வடித்ததைத் தான் ருசி பார்க்கவும் இல்லை. பார்த்தால் கை சும்மா இருக்காது என்று அவனுக்கே பயம். சாமியார் மோந்து பார்த்துவிட்டு, வாங்கி வைத்துக்கொண்டார்.

பூசையன்று புருஷனும் பெண்டாட்டியும் கடைசி வரிசையில் முழங்காலில் நின்றார்கள். சாமியார் அந்நாள் வழக்கப்படி ஜனங்களுக்கு முதுகைக் காட்டிப் பீடத்தைப் பார்த்துப் பூசை செய்தார், முகம் தெரியாது. பாத்திரத்தை எடுத்தார், குடித்தார். அந்தப் பெரிய முதுகில் தோள் இரண்டும் புளிப்பில் கூசியதுபோல் ஒரு தடவை வெடுக்கென்று உயர்ந்து, அடங்கின.

மதலேனம்மாள் முழங்கையால் அவனை இடித்தாள். மரியசெல்வத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோயிலாயிற்றே என்று துண்டால் வாயைப் பொத்தினான். மகன் போனதிலிருந்து நாலு பேர் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன், அப்படிப் பொத்தியபடியே குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தான்.