எங்கே இடிக்கிறது

1

இது கட்டுரையாகத்தான் தொடங்கியது. பல் மருத்துவர் ஒருவர் என் வாயில் நீலத்தாளை வைத்து, "கடிங்க" என்றார். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எங்கே முட்டுகின்றன என்பதை அந்தத் தாள் மைப்புள்ளியாகக் காட்டும். எவ்வளவு அழுத்தமாக என்று சொல்லாது. அதைச் சொல்ல, கணினியில் வண்ணம் காட்டும் சென்சார் தகடு இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு எழுத உட்கார்ந்தேன். இரண்டாம் பத்தியில் சுடர்விழி வந்துவிட்டாள்.

2

"மேட்டூர் திறந்து, காவிரியில் தண்ணீர் வந்த அன்று டாக்டர் சுடர்விழி" (வேண்டாம். இந்த ஊர்க்கதை என்றால் ஆற்றைத் திறந்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டுமா?)

திருவிடைமருதூரில் கீழே கிளினிக், மாடியில் வீடு. இரண்டிலும் அவள் தனி. எதிரில் நாற்காலியில் சாய்ந்திருப்பவர் ஆனந்தம், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கணவர் இல்லை, மகன் டல்லாஸில். கடைவாய்ப் பல்லுக்குப் புதிதாக கிரவுன் என்கிற தொப்பி மாட்டியதிலிருந்து அவருக்கு நிம்மதியில்லை.

"இன்னும் இடிக்கறது டாக்டர். சாதம்கூட மெல்ல முடியல. பேசாம பிடுங்கிடுங்கோ."

நீலத்தாள் வைத்தாள், புள்ளிகள் ஒழுங்காக விழுந்தன. மெழுகைக் கடிக்கச் சொன்னாள், சீராகப் பதிந்தது. சென்சாரில் இடமும் வலமும் சரிபாதி.

"மூணுமே சரின்னுதாங்க காட்டுது."

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

(பேச்சுத்துணைக்காக வலியைக் கற்பித்துக்கொண்டார் என்று எழுதினால் கதை இங்கேயே முடிந்துவிடும். எழுதி, அடித்துவிட்டேன். ஆனந்தத்துக்கு நிஜமாகவே வலித்தது.)

சுடர்விழி பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுக்கவில்லை. மூன்று சோதனையையும் அவரைச் சாய்த்துப் படுக்கவைத்தே செய்திருந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. படுத்துக்கொண்டு யார் சாப்பிடுகிறார்கள்?

"நாளைக்கு மதியம் சாப்பாடு எடுத்துக்கிட்டு வாங்க. நீங்க சாப்பிடுறத நான் பாக்கணும்."

"பாத்துண்டே இருந்தா எப்படி எறங்கும்?"

"அப்ப நானும் சாப்பிடுறேங்க."

3

மறுநாள் ஆனந்தம் கத்தரிக்காய் கறியும் மோர்சாதமும் கொண்டுவந்தார். சுடர்விழி தன் டப்பாவைத் திறக்கத் தயங்கினாள். உள்ளே கெண்டைமீன் குழம்பு.*

"தெறங்கோ. வாசனைக்கெல்லாம் எழுந்து ஓட மாட்டேன்." சாதத்தைப் பிசைந்தபடி, "எதிர்ல ஒருத்தர் உக்காந்து சாப்பிட்டு வருஷக்கணக்காச்சு" என்றார்.

"எனக்குந்தாங்க" என்றாள் சுடர்விழி.

பாதிச் சாப்பாட்டில் ஆனந்தத்தின் முகம் சுளித்தது.

"அப்படியே நிமிந்து இருங்க!" வாயைக் கொப்பளிக்க வைத்து, பல்லை ஈரமில்லாமல் துடைத்து, தாளை வைத்தாள். "மெல்லுங்க." தொப்பியின் பின்விளிம்பில் கருநீலமாக ஒரு புள்ளி, படுத்திருந்தபோது விழாதது. அந்த இடத்தை மட்டும் மயிரிழை அளவு தேய்த்தாள்.

ஆனந்தம் மிச்ச சாதத்தை மென்றார். "போயிடுத்து" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

* சுடர்விழியின் அப்பா ஆனந்தத்தினுடையது போன்ற அக்ரகார வீடுகளுக்குக் கொல்லைப்புறமாகத்தான் போனவர். இதை மேலே எழுதிப் பார்த்தேன். இருவரும் சாப்பிடுவதைக் கெடுத்தது. அதனால் இங்கே.

4

பல் குணமானது. குணமானவர்கள் டாக்டரிடம் வருவதில்லை.

முதல் முடிவு: வேறொரு பல் வலிப்பதாக ஆனந்தம் மறுபடி வருகிறார். (கணக்கு டீச்சருக்குப் பொய் வராது.) இரண்டாவது: சுடர்விழி மீண்டும் பழையபடி தனியாகச் சாப்பிட்டு (இதை எழுத மனம் வரவில்லை.)

ஆகவே அவளைப் போனை எடுக்க வைத்தேன். மறுமுனையில் ஆனந்தம் எடுத்துவிட்டார்.

"சொல்லுங்கோ டாக்டர்."

"பல்லு எப்படிங்க இருக்கு?"

"நன்னா இருக்கு. ஒரு கொறையும் இல்ல."

இதற்கு மேல் டாக்டராகக் கேட்க ஒன்றுமில்லை. இருவரும் போனை வைக்கவில்லை. எனக்கு அடுத்த வரி வரவில்லை. நீங்கள் யாராவது சொல்லுங்கள், சீக்கிரம்.