அச்சேறாத நிறுத்தம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. கதை என்றாலே பொய்தானே என்று நீங்கள் கேட்கலாம். நான் சொல்லும் பொய்க்குத் தேதி உண்டு, கையெழுத்து உண்டு; அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கோப்புக்குள் கிடக்கிறது. எழுதியவன் நான். அதன் கீழே கையெழுத்தோ பெருவிரலோ வைத்தவர்கள் ஒரே தேயிலைத் தோட்டத்தில் நூற்றிருபது பேர். நூற்றுப் பத்தொன்பது பேருக்கு அந்த வாக்கியம் உண்மை. ஒருவருக்குப் பொய். அது எனக்குத் தெரிய நான்கு வருடம் ஆயிற்று. அதுவும் ஒரு பாலைவனத் தொடர்கதை எழுதப் போய்த்தான் தெரிந்தது.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். பகலில் ஹட்டன் தபால் கந்தோருக்கு எதிரே மேசை போட்டு, கேட்பவர்களுக்குப் பெட்டிசம், அதாவது மனு, எழுதிக் கொடுக்கிறேன். மற்ற நேரத்தில் கொழும்பு வாரப் பத்திரிகைகளுக்குத் தொடர்கதை. இரண்டுக்கும் ஒரே பேனா.

2

சென்ற பங்குனியில் ஆசிரியர் கடிதம் எழுதினார். கோடைக்கு ஒரு தொடர் வேண்டும். பாலைவனத்தில் மோட்டார்ப் பயணம். கதாநாயகன், கதாநாயகி, பின் இருக்கையில் கதாநாயகியின் அப்பா. வாரம் ஓர் இடத்தில் வண்டி நிற்க வேண்டும். நிற்கிற இடம் ஒவ்வொன்றும் சுவாரசியமாக இருக்க வேண்டும். பன்னிரண்டு வாரம்.

பன்னிரண்டு நிறுத்தங்கள். நான் கண்ணால் கண்ட அதிகபட்ச மணல் நீர்கொழும்புக் கடற்கரைதான். இருந்தாலும் உட்கார்ந்தேன்.

"பொன்னை உருக்கி ஊற்றினாற்போல் மணல்—"

"சூரியன் தன் அக்கினிக் கரங்களை நீட்டி—"

"'அப்பா, தாகமாக இருக்கிறது' என்றாள் நளினி. தூரத்தில் ஒரு—"

தூரத்தில் ஒரு என்ன? ஜன்னல் வழியே பார்த்தேன். தூரத்தில் மழை பெய்துகொண்டிருந்தது.

(இந்த மூன்று தொடக்கங்களையும் வேண்டுமென்றேதான் அடிக்காமல் விட்டிருக்கிறேன். பார்க்காததை எழுதினால் பேனா எவ்வளவு சரளமாக ஓடும் என்பதற்கு அவையே அத்தாட்சி.)

தேநீர்க் கடைக்காரர் ஆண்டியப்பன்தான் வழி காட்டினார். "இதுக்கா இம்புட்டு யோசனை? ஸ்டேசனுக்குத் தேயிலைப் பெட்டி கொண்டாற லொறிக்காரரு கஸ்பர் இருக்காரே, அவரு ஒலகச் சண்டைக் காலத்துல பட்டாளத்துல சேந்து பாலைவனத்துலதான் லொறி ஓட்டினாரு. அவரக் கேளுங்க."

3

ஸ்டேஷன் சாமான் கொட்டகையில் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கஸ்பர் லொறியின் படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். முப்பத்தாறு முப்பத்தேழு வயது. விஷயத்தைச் சொன்னேன்.

"பாக்குற எடமா? அண்ணே, அங்க பாக்க ஒண்ணும் இல்ல. ரொம்பப் பாத்தா கண்ணு போயிரும்."

"வண்டி எங்கயாவது நின்னிருக்கும்ல?"

"நிக்கும். டயர் வெடிச்சா நிக்கும். வழி காட்டுற தொரை படத்தைத் தலகீழாப் புடிச்சிருந்தா நிக்கும்."

"அதையே சொல்லுங்க."

சொன்னார். ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து சொன்னார்.

முதல் நிறுத்தம், தேநீர். பெட்ரோல் தகரத்தைப் பாதியாக வெட்டி, மணலை நிரப்பி, பெட்ரோல் ஊற்றிக் கொளுத்துவது. அதன்மேல் கேத்தல். "தண்ணி உப்பு. ஆனா தேயிலை நம்ம ஊருத் தேயிலை. இங்க நமக்குக் குடுக்குற தூசி இல்லண்ணே, கப்பல் ஏத்துற தேயிலை. பெட்டி பெட்டியா ஸ்டேசனுக்கு ஏத்துறோம்ல, அதுல ஒரு வாய் நான் குடிச்சது அங்க போய்த்தான்."

இரண்டாவது, பீப்பாய்கள். மணலில் பாதை தெரியாது. தார் பூசிய வெற்றுப் பீப்பாய்களை வரிசையாக நட்டிருப்பார்களாம். கஸ்பரும் அவருடைய கூட்டாளி மத்தியாசும் பீப்பாய்க்கு ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்லிக்கொண்டே ஓட்டுவார்கள். ஐம்பத்துமூன்று மணி முடிந்து ஒரு செபமாலை ஆனால் தண்ணீர்த் தொட்டி வந்துவிடும். "வரலைன்னா மத்தியாசு ஒரு மணியத் தின்னுட்டான்னு அர்த்தம். வண்டிய நிப்பாட்டிட்டுச் சண்டை போடுவோம். 'நீ செபம் பண்ணுனியா, தூங்குனியா'ம்பேன். அவன், 'மாதா கணக்கு வச்சிருக்காங்க, நீ ஓட்டு'ம்பான்."

தொடர்கதையில் வழிகாட்ட ஒரு லொறி டிரைவரைச் சேர்த்தேன்; செபமாலையைக் கதாநாயகியின் பாட்டாக மாற்றினேன். வாசகர்கள் மெச்சினார்கள்.

4

ஆறாவது நிறுத்தம் அச்சில் வரவில்லை. நான் எழுதி அனுப்பியதை, பேர்களை மட்டும் நிஜப் பேராக்கி, அப்படியே கீழே தருகிறேன்.

கஸ்பர் பாதையை விட்டு விலகி லொறியை நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை; அணைத்தால் மறுபடி கிளம்புமோ என்னவோ. முப்பது அடி தள்ளி ஒரு சின்ன மேடு. அதைச் சுற்றிக் கல் அடுக்கியிருந்தது. தலைமாட்டில் பெட்டிப் பலகை ஒன்று. அதில் மத்தியாஸ் என்று தமிழில் எழுதியது அவர் கைதான். ஆணியைச் சுட்டு எழுதினார். மூன்று வாரத்துக்கு முன், இவருக்கு முன்னால் போன லொறி மணலுக்குள் புதைத்திருந்த வெடியில் ஏறியது. அன்றைக்கு அதை ஓட்டியது மத்தியாஸ். பின்னால் வந்தது கஸ்பர். கஸ்பர் இடுப்புத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, ஒரு மிடறு குடித்தார். ஒரு மிடறு மேட்டில் ஊற்றினார். மணல் அதைக் குடித்த இடம் தெரியவில்லை. "தண்ணீரை வீணாக்குகிறாயா" என்று பின் வண்டியில் வந்த பட்டாளத்துச் சார்ஜன் கத்தினான். வீணா இல்லையா என்று கஸ்பருக்குத் தெரியவில்லை. அடுத்த முறையும் ஊற்றினார்.

ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். "கோடைத் தொடரில் சமாதி வேண்டாம். ஈச்சமரச் சோலையும் ஒரு நடனமும் வைக்கவும்." வைத்தேன். (பன்னிரண்டு வாரத்தில் அதிகக் கடிதம் வந்தது நடனத்துக்குத்தான். மறைக்க விருப்பமில்லை.)

5

அந்த நிறுத்தத்தை எழுதும்போதுதான், பேச்சோடு பேச்சாக, எந்த வருடம் என்று கேட்டேன்.

"நாப்பத்தொண்ணு ஆவணியில கப்பலேறுனேன். நாப்பத்துநாலு மாசியில திரும்பி வந்தேன். நேரா ராகலைக்குப் போயி மத்தியாசு வீட்டுல சொன்னேன். அவன் தங்கச்சியத்தான் கட்டிக்கிட்டேன். இசபெல்."

இரண்டரை வருடம். கஸ்பருக்கு நான் எழுதிக் கொடுத்த பழைய விண்ணப்பம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஐம்பத்தோராம் வருடம், தோட்டத் தமிழர்கள் இலங்கைக் குடியுரிமை கேட்டுப் போடும் பிரசாவுரிமை விண்ணப்பங்களுக்குக் கடைசித் தேதி நெருங்கியபோது நான் ஹட்டனுக்குப் புதிது. கஸ்பர் வேலைபார்க்கும் தோட்டத்தில் எனக்கு மேசை போட்டார்கள். ஆட்கள் வரிசையாக வந்தார்கள். விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் நிற்பார்களே, அதே மாதிரி. பெரட்டில் பேர் கூப்பிட்டால் பதில் சொல்லுவதோடு சரி. தன் கதையை அங்கே யாரும் சொல்லுவதில்லை. நானும் பேர் கேட்டேன், பிள்ளைகள் பேர் கேட்டேன், பாரத்தை நிரப்பினேன். எல்லோருக்கும் ஒரே வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதினேன்: "பிறந்த நாள் முதல் இத்தோட்டத்தை விட்டு நான் வேறெங்கும் வசித்ததில்லை." கஸ்பர் கையெழுத்துப் போட்டுவிட்டு லொறிக்குப் போய்விட்டார்.

இடையில் நெடுநாள் நாட்டைவிட்டுப் போயிருக்கக் கூடாது என்பது விதி. சண்டைக்குப் போனது அதில் சேருமா, விலக்கா என்று ஹட்டனில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. கந்தோரில் போய்க் கேட்டால், யாருக்காகக் கேட்கிறாய் என்பார்கள். அந்த வருடங்களின் பெரட்டுப் புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டது. ஆக, பொய் நிற்கும். யாரும் வாயைத் திறக்காவிட்டால் நிற்கும்.

(போன வாரம் பிரசாவுரிமை விசாரணைக் கந்தோர்க் கிளாக்கர் ஒருவர் என் மேசைக்கு வந்தார். என் தொடரின் ரசிகராம். "அந்த டிரைவர் நிஜ ஆளா?" என்று கேட்டார். "சுத்தக் கற்பனை" என்றேன். கஸ்பர் பாலைவனத்துக்குப் போகவில்லை என்று முதலில் சொன்னவன் நான்தான்.)

6

விசாரணைக்கு வரச்சொல்லிக் கஸ்பருக்குக் கடிதம் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை, நுவரெலியாவில். நேற்று மத்தியானம், தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கஸ்பர் வாசலில் உட்கார்ந்திருந்தார். இசபெல் அரை நாள் வேலை முடித்து வந்து கொழுந்துக்கூடையைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தார்.

நான் இசபெலை எப்படி எழுதுவது என்று முன்பே ஒரு திட்டம் வைத்திருந்தேன். அண்ணனின் நினைவைக் காக்கும் தங்கை. "'உண்மையைச் சொல்லுங்கள்' என்று கண்ணீர் மல்க—" என்று ஒரு வரி கூடத் தயார். அந்த வரியை அவர் வாசலிலேயே முறித்துப் போட்டார்.

"அவன் என் கூடப்பொறந்தவன். நானே சொல்றேன். நீங்க அங்க போகவே இல்லைன்னு சொல்லிருங்க. அவன் எந்திரிச்சு வந்து ஏன்னு கேக்கப் போறதில்ல."

"கேட்டாத் தேவலையே" என்றார் கஸ்பர்.

"ரெண்டு புள்ளைங்க பேரும் அதே கடுதாசியிலதான் இருக்கு. ஒங்க பேர வெட்டுனா அதுங்க பேரும் போச்சு. அப்புறம் இந்தியாவுக்குப் போன்னுவாங்க. இந்தியாவுல நமக்கு யாரு இருக்கா? ஒரு எடத்தச் சொல்லுங்க பாப்போம்."

"நான் போகலைன்னா அவனத் தூக்கிப் பொதைச்சது யாரு இசபெல்?"

"மணலு."

பிறகு இசபெல் என் பக்கம் திரும்பினார்.

"பன்னண்டு எடத்துக்கும் வாராவாரம் இவர ஒக்கார வச்சுக் கேள்வி கேட்டீங்கல்ல? தண்ணி எங்க, பீப்பா எத்தனைன்னு. அந்த ஒரு வரி எழுதறப்ப ஒரு கேள்வி கேட்டிருந்தா என்ன கொறைஞ்சு போயிருக்கும்?"

தேநீர் கொண்டுவருகிறேன் என்று அவர் உள்ளே போனார். தேநீர் வர வெகு நேரமாயிற்று. வந்தபோது ஆறியிருந்தது. குடித்தோம்.

7

பத்திரிகைக்காரன் புத்தி, முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. கஸ்பர் உண்மையைச் சொல்லுகிறார். அதிகாரி விண்ணப்பத்தைப் பார்க்கிறார், கஸ்பரைப் பார்க்கிறார், கோப்பை— இதற்கு மேல் எழுதவில்லை. கோப்பு மூடுகிற சத்தத்தை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

முடிவு இரண்டு. "எங்கேயும் போகவில்லைங்க" என்கிறார். பேர் பதிவாகிறது. நவம்பரில் கல்லறைத் திருநாள் வருகிறது. இசபெல் அண்ணனுக்காக மெழுகுதிரி கொளுத்துகிறார். கஸ்பர் கோயிலுக்கு வெளியே லொறியில் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

முடிவு மூன்று. அந்த அதிகாரியும் சண்டைக்குப் போனவர். அதே பாதையில், அதே பீப்பாய்களை எண்ணிக்கொண்டு போனவர். எழுந்து வந்து கஸ்பரின் கையைப் பிடிக்கிறார். ஆசிரியருக்கு இது ரொம்பப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கிறது. அதனால்தான் இதன்மேல் சந்தேகம்.

மூன்றையும் படித்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஒன்றிலும் நான் இல்லை. வாக்கியத்தை எழுதியவன் விசாரணை நாளன்று எங்கே போனான்? ஹட்டனில் நளினியை ஆட வைத்துக்கொண்டிருந்தானா?

ஆகவே செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் நானும் போகிறேன். கஸ்பர் உண்மையைச் சொன்னால், அடுத்தபடி நான் எழுந்து, "அந்த வரி இவருடையது அல்ல, என்னுடையது. இவரைக் கேட்காமல் எழுதினேன்" என்று சொல்லுவேன். அதற்குப் பிறகு எந்தத் தோட்டத்தில் என்னை மேசை போடவிடுவார்கள் என்று தெரியாது. அவர் பொய் சொன்னால், நான் வாயைத் திறக்க மாட்டேன். அது அவர் பிள்ளைகளின் பேர். அதில் கைவைக்க எனக்கு உரிமை இல்லை.

8

இன்று ஞாயிறு. பூசை முடிந்து கஸ்பர் வந்தார். இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினேன். சார்ஜன் கத்தும் இடத்தில் சிரித்தார். மணலு என்று இசபெல் சொன்ன இடத்தில் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டேன்.

"தெரியலண்ணே. வீட்டுல இருக்கறப்ப புள்ளைங்க மூஞ்சியப் பாத்தா ஒண்ணு தோணுது. லொறியில ஏறி ஒக்காந்தா இன்னொண்ணு தோணுது. அங்க போயி அந்தாளு கேக்கறப்ப வாயில என்ன வருதோ."

"இந்தக் கதைய என்ன பண்றது? பேர மாத்திரவா?"

"மத்தியாசு பேர மாத்தாதீங்க." எழுந்து தோளில் துண்டைப் போட்டார். "நான் உள்ளதச் சொல்லிட்டேன்னா அன்னிக்கே தபால்ல போட்டுருங்க. சொல்லலைன்னா அடுப்புல போட்டுருங்க. எங்க வீட்டு அடுப்புலயே போடுங்க, இசபெல் பாக்கட்டும்."

சரி என்றேன். உறைமேல் பத்திரிகையின் விலாசம் எழுதியாயிற்று, இன்னும் ஒட்டவில்லை.

வாசகரே, இந்தப் பக்கம் உங்கள் கையில் இருக்கிறது என்றால் அந்த அறையில் கஸ்பர் என்ன சொன்னார் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. இதை எழுதும் எனக்குத் தெரியாது. அதிகாரி அதைக் கேட்டுவிட்டு என்ன எழுதினார் என்பது நம் இருவருக்குமே தெரியாது; அந்தக் கடிதம் வர மாதங்கள் ஆகும். அதுவரை அதிகாரியின் நாற்காலி காலி. உட்காருங்கள். எதிரே ஒரு லொறி டிரைவர் நிற்கிறார். அவருக்குப் பின்னால் அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். கீழே உங்கள் தீர்ப்பை எழுத மூன்று வரிக்கு இடம் விடச் சொல்லி அச்சுக் கோப்பவருக்குக் குறிப்பு எழுதியிருக்கிறேன். விளம்பரம் எதையும் போட்டு அதை மூடிவிட மாட்டார் என்று நம்புகிறேன்.

......................................................

......................................................

......................................................