கழுவாத மெஷினும் தீபிகாவின் வெள்ளிக்கிழமையும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. சாஜிதா என்னிடம் கேட்டது ஒரு பக்கக் கட்டுரை. ‘வளரும் கம்பெனிக்கு அப்ரண்டிஸ் எதற்கு?’ என்று தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார். சேலத்தில் ஏதோ தொழில் கண்காட்சியாம். ஸ்டாலுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு தாள் வேண்டுமாம்.

“ஏனுங்க, நீங்கதான் கதையெல்லாம் எழுதறீங்களே. ஒரு பக்கம் எழுதறதுக்கு இவ்ளோ யோசிக்கறீங்க?”

யோசிக்காமல் என்ன செய்வது? சாஜிதாவின் பட்டறை ஏற்காட்டில் மஞ்சக்குட்டை போகிற ரோட்டில் இருக்கிறது. சிறு விவசாயிகளுக்கான பல்ப்பர் செய்கிறார்கள். காபிப் பழத்தின் தோலை உரித்துக் கொட்டையைத் தனியாகத் தள்ளுகிற மெஷின். மூன்று பேரோடு ஆரம்பித்தது, இப்போது பதினாலு பேர். விவசாயிகள் சங்கம் ஒன்று நாற்பது மெஷின் வேண்டும் என்று கேட்டிருக்கிறது. இதையெல்லாம் மனதில் வைத்து நான் இப்படித் தொடங்கினேன்:

அப்ரண்டிஸ்கள் ஒரு நிறுவனத்தின் வேர்கள். அவர்கள்

(அவ்வளவுதான் வந்தது. வேர்களை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.)

ஏற்காட்டைப் பனி மூடியிருந்த ஓர் அதிகாலையில்

(பொய். நான் போன அன்று உச்சிவெயில். தகரக் கூரைக்குக் கீழே எனக்கு வேர்த்து ஊற்றியது. ஏற்காடு என்றாலே பனியைக் கொண்டுவந்து போர்த்துகிற கெட்ட பழக்கத்தை இந்தக் கதையோடு விட்டுவிடப் பார்க்கிறேன்.)

ஆகவே தீபிகாவிலிருந்து தொடங்குகிறேன்.

2

தீபிகாவுக்கு இருபத்திரண்டு வயது. ஊர், மலையிலேயே இருக்கிற தலைச்சோலை. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, போன வருடம் காபி சீசன் முடிகிற நேரத்தில் இங்கே அப்ரண்டிஸாகச் சேர்ந்தாள். ஒரு வருடப் பயிற்சி. வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

முதல் வரைவில் இவளை ‘கண்களில் கனவு மின்னும் இளம்பெண்’ என்று எழுதியிருந்தேன். அவளிடமே படித்துக் காட்டினேன். “கண்ணுல வெல்டிங் பொறி பட்டாத்தான் சார் மின்னும்” என்றாள். அடித்துவிட்டேன்.

அவள் சேர்ந்த நாளன்றே மாதேஸ்வரன் ஒரு தண்ணீர்க் குழாயையும் பிரஷையும் கையில் கொடுத்தார். மாதேஸ்வரன்தான் பட்டறையின் சூப்பர்வைசர். சாஜிதா ஆரம்பித்த மூன்று பேரில் ஒருவர். ரிப்பேருக்குத் திரும்பி வருகிற மெஷின் எதுவும் கழுவாமல் உள்ளே வரக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். தரையில் ஒரு சேற்றுத் தடம் பார்த்தாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.* கழுவுவது அப்ரண்டிஸ் வேலை. பிரித்துப் பார்ப்பது மற்றவர்கள் வேலை.

(* இதைப் படித்துவிட்டு, “சோறு இறங்கும், கொளம்புதான் இறங்காது” என்று திருத்தம் சொல்லி அனுப்பினார். சேர்த்துக்கொண்டேன்.)

வாசலில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து தீபிகா ஒன்பது மெஷின் கழுவியிருக்கிறாள். ஒவ்வொன்றிலும் மூன்று கால்களில் சேறு ஒரு விரற்கடை ஏறியிருக்கும். நாலாவது காலில் சேறே இருக்காது. அடியில் கல் உரசிப் பொடி ஒட்டிய வெள்ளைக் கீறல் மட்டும் இருக்கும். அவளுக்குப் பார்த்ததுமே புரிந்தது. தலைச்சோலையில் எந்த வீட்டு முற்றம் மட்டமாக இருக்கிறது? கட்டிலுக்கு ஒரு கல், கிரைண்டருக்கு ஒரு கல், கேஸ் அடுப்பு மேசைக்கு ஒரு கல். பல்ப்பருக்கும் ஒரு கல் வைத்திருக்கிறார்கள். இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தாள். பிரஷ் போட்டுத் தேய்த்தாள். கீறல் உட்பட எல்லாம் போய்விட்டது.

(இந்த இடத்தில் அவள் ஓடிப்போய் எல்லோரிடமும் சொல்லியிருந்தால் சாஜிதா கேட்ட ஒரு பக்கத்தில் கதை முடிந்திருக்கும். அவள் சொல்லவில்லை. எனக்கும் கோபம்தான்.)

3

பத்தாவதாக வந்தது ஐயாக்கண்ணுவின் மெஷின். அரை ஏக்கர் காபிக்காரர். அந்த மெஷின் வருவது அது மூன்றாவது தடவை. இந்த முறை ஜீப்பில் மெஷினோடு அவரும் வந்து இறங்கினார், ஒரு கூடைப் பழத்தையும் தூக்கிக்கொண்டு.

“கொட்டையெல்லாம் வெட்டிப்போடுதுங்க. பாதி வீணு.”

வழக்கம்போல் கழுவினார்கள். வழக்கம்போல் சிமெண்டுத் தரையில் நிறுத்தி, மேலே ரசமட்டம் வைத்துச் சாய்வில்லை என்று பார்த்து, அவருடைய பழத்தையே போட்டு ஓட்டினார்கள். ஒரு கொட்டைகூட வெட்டுப்படவில்லை. முத்து முத்தாக விழுந்தது.

மாதேஸ்வரன் கையைத் துடைத்துக்கொண்டு, “மெஷின் சுத்தமா இருக்குதுங்க” என்றார்.

“அப்ப நான் பொய் சொல்றனாங்க?”

ஐயாக்கண்ணுவின் முகம் சுருங்கிவிட்டது. சாஜிதா அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நாற்பது மெஷின் கேட்ட சங்கத்தில் இவரும் ஓர் உறுப்பினர். இவர் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆர்டர் கையை விட்டுப் போகும்.

அப்போதுதான் தீபிகா ஈரக் கையோடு உள்ளே வந்தாள்.

“அக்கா, வெளியில வெச்சு, ஒரு காலுக்குக் கல்லு குடுத்து ஓட்டிப் பாக்கலாமுங்களா?”

“கல்லா? எதுக்கு?” என்றார் மாதேஸ்வரன்.

ஐயாக்கண்ணு முந்திக்கொண்டார். “கல்லு வெக்காம எப்படீங்க நிக்கும்? ஊட்ல அப்படித்தான வெச்சிருக்கறேன்!”

வாசல் சரிவில் வைத்தார்கள். ஒரு காலுக்குக் கீழே கல். மோட்டார் ஓட ஓட மெஷின் ஆடியது, கல் நழுவியது, அதன் இரும்புச் சட்டம் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. உள்ளே பழத்தை உரிக்கிற ட்ரம்முக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு ஓரத்தில் குறுகிப்போனது. அடுத்த பிடி பழத்திலேயே கொட்டை வெட்டுப்பட்டு விழுந்தது. தன் மேல் தப்பில்லை என்று தெரிந்த சந்தோஷத்தில் ஐயாக்கண்ணு வெட்டுப்பட்ட கொட்டைகளை ஆளாளுக்குக் கையில் கொடுத்துக் காட்டினார்.

நாலு வருடமாக மலைக்காரர்களுக்கு மெஷின் செய்து, அதைச் சமதளத்தில் மட்டுமே சோதித்திருக்கிறார்கள். தடயத்தை ஒவ்வொரு தடவையும் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள்.

“உனக்கு இது எப்பத் தெரியும் கண்ணு?” என்றார் சாஜிதா.

“மொத மெஷின் கழுவறப்பவேங்க.”

“பதினோரு மாசமாவா! ஏன் சொல்லல?”

“எல்லாத்துக்கும் தெரியும்னு நெனச்சனுங்க. இன்ஜினியருங்களுக்குக் கல்லு வெக்கறது தெரியாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?” கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “கழுவறவகிட்ட யாருங்க கேட்டாங்க?”

சாஜிதா கத்திவிட்டார். தீபிகா அழவில்லை, ஆனால் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அத்தனை பேருடைய கொட்டை தன்னால் வீணாய்ப் போனது என்று அவளுக்குத் தாங்க முடியாத வெட்கம். கத்தியதற்காகச் சாஜிதாவும் வெட்கப்பட்டார்.

அடுத்த வாரம் நாலாவது காலுக்கு மரை போட்டார்கள். ஒரு பக்கம் சுற்றினால் ஏறும், மறுபக்கம் சுற்றினால் இறங்கும். வரைபடம் தீபிகாவுடையது. மாதேஸ்வரன் அதை நாலு தடவை திருப்பிக் கொடுத்தார். அதில் மூன்று தடவை அவர் சொன்னதுதான் சரி என்று தீபிகாவே ஒப்புக்கொள்கிறாள். இப்போது பட்டறையிலிருந்து போகிற மெஷினில் மூன்று கால்களை முடுக்கியிருப்பார்கள். நாலாவதை லூசாகவே விட்டு, ஒரு ஸ்பேனரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். வாங்குகிறவர் தன் முற்றத்தில் நிறுத்தி, தானே முடுக்கிக்கொள்ள வேண்டியது.

(கட்டுரைக்கு இதுவே போதும் என்றேன். “எங்க போன் நம்பரே வரலீங்களே” என்றார் சாஜிதா.)

4

இனி வெள்ளிக்கிழமை.

ஓசூரில் பெரிய தொழிற்சாலை ஒன்று தீபிகாவுக்கு வேலைக் கடிதம் அனுப்பியிருக்கிறது. சாஜிதாவும் நிரந்தர வேலை தருவதாகச் சொல்லிவிட்டார். அவளுக்கு இரண்டும் வேண்டும். அதுதான் கஷ்டம். ஓசூரில் அவள் கண்ணால் கூடப் பார்த்திராத மெஷின்கள் இருக்கின்றன. இங்கே அவள் வரைந்த கால் ஒன்று இருக்கிறது. அவள் போய்விட்டால், நாற்பது மெஷினில் ஒன்று ஆடினாலும் எதனால் என்று கண்டுபிடிக்க ஆள் இல்லையே என்று சாஜிதாவுக்குப் பயம்.

“போன வருசம் ஒருத்தன், அதுக்கு முந்தி ஒருத்தன். கத்துக் குடுத்து ஓசூருக்கு பஸ் ஏத்தி உடறதே நம்ம பொளப்பாப் போச்சு” என்றார் மாதேஸ்வரன்.

“கத்துக் குடுக்காம வெச்சிருந்தா மட்டும்?” என்றார் சாஜிதா. “இவ வரலீன்னா இன்னும் மெஷினக் கழுவிட்டே இருந்திருப்போமுங்க.”

நான் இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முடிவு அ: வெள்ளிக்கிழமை மாலை அடிவாரம் வரை போன தீபிகா, பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பி வருகிறாள். கண்ணீர் மல்க

“நான் எதுக்குங்க சார் அழுவணும்? அதும் நடு ரோட்டுல?” என்றாள் தீபிகா. அழித்துவிட்டேன்.

முடிவு ஆ: ஓசூர் போகிறாள். ஐந்து வருடம் கழித்து பெரிய இன்ஜினியராக

“அஞ்சு வருசம் எங்கம்மா சும்மா இருக்குமா? அதுல எங்கம்மாவே வரலீங்களே.” அதையும் அழித்தேன்.

“அப்ப நீயே சொல்லு சாமி, எப்படி முடிக்கறது?”

“எனக்கே தெரியலீங்க. தெரியாதத நீங்க எப்படி எழுதுவீங்க?”

நியாயம்தான். ஆனால் இன்று காலை நான் என் கண்ணால் பார்த்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். பழைய மெஷின் ஒன்று ரிப்பேருக்கு வந்தது. தீபிகா வழக்கம்போல் குழாயை எடுத்தாள். உள்ளேயிருந்து டீ கிளாசோடு மாதேஸ்வரன் விறுவிறுவென்று வெளியே வந்தார்.

“கழுவாத கண்ணு. மொதல்ல நான் பாத்துக்கறேன்.”

வேட்டியை மடித்துக்கொண்டு சேற்றில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு காலாகத் தடவிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்காமலே, “இது என்ன கீறலு? வந்து சொல்லு” என்றார். தீபிகா குழாயை மூடிவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அதற்காக அவள் இருப்பாளா போவாளா என்று என்னைக் கேட்காதீர்கள்.

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. இந்தக் கதையின் மூன்று பகுதிகளை என்னால் முடிந்தவரை முடுக்கியிருக்கிறேன். நாலாவது லூசாகத்தான் வருகிறது. உங்கள் வீட்டுத் தரை எப்படி இருக்குமோ, எனக்குத் தெரியாது. நிறுத்திப் பார்த்து நீங்களே முடுக்கிக்கொள்ளுங்கள்.

கல் மட்டும் வைக்காதீர்கள்.