கறைச் சீட்டு

அந்த ஊரில் திங்கட்கிழமைகளில் இரண்டு சூரியன்கள் உதித்தன. இரண்டாவது சூரியன் ஒரு கால்பந்து அளவுதான் இருக்கும். காலை பத்து மணிக்கு அரசாங்க ஆய்வுக்கூடத்தின் மதிலுக்கு மேலே எழும்பி, சலவைக்கடையின் மொட்டை மாடிக்கு நேராக வந்து நின்று, நாலு மணிக்கு வந்த வழியே இறங்கிப் போய்விடும். முதல் திங்களன்று ஊரே கைவேலையைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தது. இரண்டாவது திங்களன்று பாதிப் பேர்தான் பார்த்தார்கள். மூன்றாவது திங்களன்று எல்லோரும் மெத்தை தலையணைகளைத் தூக்கிக்கொண்டு மாடியேறிவிட்டார்கள், வெயில் வீணாகக் கூடாது என்று. சலவைக்கடைக்காரிக்கு மட்டும் மனசு ஒரு மாதிரியாக இருந்தது. துணி காயவைக்கவென்றே தனியாக ஒரு சின்னச் சூரியனைச் செய்கிறார்கள் போல என்று இரண்டு மாதத்துக்கு முன்பே தன் கையால் எழுதியவள் அவள்தான்.

ஊர் அவளை நுரையக்கா என்று கூப்பிட்டது. கெட்டிக்காரி, வாய்க்காரி, தொழிலில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டாள். காரணம் தெரியாத கறையில் கை வைக்கக் கூடாது என்பது அவள் கடையின் சட்டம். வந்த துணி ஒவ்வொன்றிலும் ஒரு ரோஸ் நிறச் சீட்டைக் குத்தி, கறை என்ன, அதற்குக் காரணம் என்ன என்று எழுதிய பிறகுதான் துணி தொட்டிக்குள் இறங்கும். எண்ணெய், துரு, மை, எதுவானாலும் எழுதியாக வேண்டும். துவைத்த பிறகும் சீட்டைக் கழற்றமாட்டாள். எவ்வளவு பாடுபட்டோம் என்று துணிக்காரர்களுக்குத் தெரிய வேண்டாமா? கணக்கு வாத்தியாரின் காலரில் இருந்த சிவப்புக் கறைக்கு எழுதிய காரணத்தை வாத்தியாரின் மனைவி படித்துவிட்ட ஒரு தடவையைத் தவிர, இந்தப் பழக்கத்தால் யாருக்கும் வம்பு வந்ததில்லை.

ஆய்வுக்கூடத்தின் நாற்பத்திரண்டு வெள்ளை அங்கிகள் சனிக்கிழமைதோறும் வேனில் வந்து இறங்கத் தொடங்கியபோதுதான் சிக்கல். அந்தக் கறைகள் உலகத்தில் இல்லாத கறைகள். ஒரு நீலக் கறை மத்தியான நேரத்தில் இந்தத் துணியிலிருந்து அந்தத் துணிக்கு இடம் மாறி உட்கார்ந்தது. முழங்கையில் ஒட்டியிருந்த வெள்ளிப் பொடி, தட்டினால் கீழே விழாமல் மேலே போனது. மஞ்சள் கறை ஒன்று தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. மதிலுக்கு உள்ளே என்ன செய்கிறார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அதனாலேயே ஒவ்வொருவரும் சத்தியம் பண்ணாத குறையாக ஒன்று சொன்னார்கள். நுரையக்காவின் வீட்டுக்காரர், அந்தக் கடையின் இஸ்திரிக்காரர், இந்த விஷயத்தில் முதல் ஆள். பக்கத்துக் கடையில் முடிவெட்டும் அவளுடைய தம்பி இரண்டாவது ஆள். மாமனும் மச்சானும் ஒரு கறையை நடுவில் விரித்துப் போட்டுக்கொண்டு அரை நாள் வாதாடுவார்கள். கடைசியில் யார் சொன்னது கொஞ்சமாவது நம்பும்படி இருக்கிறதோ, அதைக் காரணம் என்ற இடத்தில் எழுதி, பின்னால் ஒரு ‘போல’ போட்டுவிட்டுத் துணியை ஊறப்போடுவாள். நிழலை ஆளிடமிருந்து பிரித்தெடுக்கிறார்கள் போல. எடையே இல்லாத இரும்பு செய்கிறார்கள் போல. நாற்பத்திரண்டு அங்கியும் பளிச்சென்று சீட்டோடு திரும்பிப் போகும்.

எழுதி ஆறேழு வாரம் போனால் அது நடந்துவிடும். நிழல் சீட்டுக்குப் பிறகு, தம்பியின் நிழல் மட்டும் மத்தியானம் ஆனால் எழுந்து எதிர்வரிசை சைக்கிள் கடைக்குப் போய் உட்கார ஆரம்பித்தது. இரும்புச் சீட்டுக்குப் பிறகு, தெருவில் இருந்த சைக்கிள்களையெல்லாம் பூட்டினால் போதாமல் செங்கல் கட்டி இறக்கி வைக்க வேண்டியிருந்தது. தான் அன்றே சொன்னதை இஸ்திரிக்காரர் ஒவ்வொரு தடவையும் எல்லோருக்கும் நினைவுபடுத்தினார். தனக்கு மூளை இருக்கிறது என்பதற்கு அவருக்குக் கிடைத்த ஒரே அத்தாட்சி அது. நுரையக்காவும் அதை அப்படியே விட்டுவிட்டாள்.

அவளுக்கு இருந்த கவலையே வேறு. அந்த மதிலுக்குள்தான் அவளுடைய ஒரே மகள் இருந்தாள். படிப்பில் சூரப்புலி என்று வீடு தேடி வந்து வேலை கொடுத்து அழைத்துப்போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. எடுத்த வேலை முடியும்வரை யாரும் வெளியே வரக் கூடாது என்பது ஆய்வுக்கூடத்தின் விதி. வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும், அதிலும் எல்லா வரியையும் கறுப்படித்துவிட்டு ‘நலம்’ என்ற சொல்லை மட்டும் விட்டுவைத்திருப்பார்கள். கடையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனால் நாற்பத்திரண்டு அங்கிகளில் மகளுடையது எது என்று தாய்க்குத் தெரியும். யோசிக்கும்போது இரண்டாவது பட்டனைத் திருகுவது சின்ன வயதிலிருந்தே அந்தப் பெண்ணின் பழக்கம். ஒரு அங்கியில் மட்டும் அந்தப் பட்டன் வாராவாரம் நூலறுந்து தொங்கிக்கொண்டு வரும். நுரையக்கா அதை இறுக்கித் தைத்து அனுப்புவாள், மறுவாரம் மறுபடியும் தொங்கும். பிள்ளை நன்றாக யோசிக்கிறாள் என்று நிம்மதியாக இருப்பாள். அவளுக்கு வந்த உண்மையான கடிதம் அதுதான்.

சூரியன் வந்த மாதத்தில் அந்தப் பட்டன் தைத்தது தைத்தபடியே திரும்பி வந்தது. மறுவாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் நுரையக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. மதில் வாசலுக்கு நடந்து போய்க் காவலாளியிடம் கேட்டாள்; உள்ளே ஆட்கள் இருக்கிறார்களா என்பதே ரகசியம் என்றார் அவர். நாலாவது சனிக்கிழமை அதே அங்கியின் பையில் ஒரு காகிதம் இருந்தது. ஆய்வுக்கூடத்து அங்கிகளின் பையில் அதுவரை ஒரு துரும்புகூட வந்ததில்லை. பிரித்துப் பார்த்தால், அவள் எழுதிய சூரியன் சீட்டு. மேலே ‘அதி ரகசியம்’ என்று முத்திரை. கீழே, உத்தரவுப்படி முடிக்கப்பட்டது என்று இயக்குநரின் கையெழுத்து.

நடந்தது இவ்வளவுதான். தலைமையகத்திலிருந்து அந்த ஆய்வுக்கூடத்துக்கு உத்தரவுகள் ரோஸ் நிறச் சீட்டில், கையெழுத்தில்லாமல், பார்ப்பவருக்குச் சாதாரணத் துண்டுக் காகிதம்போல் தோன்றும்படி வந்துகொண்டிருந்தன. ஏன், எதற்கு என்று திருப்பிக் கேட்பது குற்றம். அந்த உத்தரவுகளை எழுதிக்கொண்டிருந்த அதிகாரி ஓய்வு பெற்றபோது, ரகசியம் ஆயிற்றே என்று யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார். ஏழு வருஷம் ஆய்வுக்கூடத்தில் என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. வேலை நடப்பதுபோல் இருக்க வேண்டுமே என்று கையில் கிடைத்ததையெல்லாம் கலக்கி அங்கியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் சலவையிலிருந்து ரோஸ் சீட்டுகள் வந்தன. உத்தரவுகளை இவ்வளவு சாமர்த்தியமாக ஒளித்து அனுப்புகிறார்களே என்று இயக்குநர் கண்கலங்கினாராம்.

தன் சீட்டுதான் அங்கே உத்தரவாகிறது என்று அந்த முத்திரையைப் பார்த்ததுமே புரிந்துகொண்ட நுரையக்கா அன்று பாதி நாளுக்குக் கடையைச் சாத்தினாள். இஸ்திரிக்காரர், எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பு என்று எழுதிவிடச் சொன்னார். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

“மனு மாதிரி இருந்தா மேசைக்குள்ள போயிடும். செய்யறதுக்கு ஒரு வேலையா இருந்தாத்தான் செய்வாங்க” என்றாள்.

தன் நிழல் விஷயத்தையும் கூடவே ஒரு வரி சேர்க்கச் சொன்ன தம்பியை அவள் ஒரு முறை முறைத்தாள். அவர் முடிவெட்டப் போய்விட்டார். பிறகு மகளின் அங்கியிலேயே சீட்டைக் குத்தி எழுதினாள். கறை: காலர் அழுக்கு. காரணம்: சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரைந்து, காலை எட்டு மணிக்குத் திரும்பி வரும் மதில் ஒன்று செய்கிறார்கள் போல. கண்டுபிடித்துவிட்டால் சலவை போகும், போனால் அந்த அங்கியும் இனி கைக்கு வராது.

ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாவது வாரம் மதிலில் சாய்ந்து நின்ற தபால்காரம்மா, மெத்தையில் சாய்ந்ததுபோல் இருக்கிறது என்று வந்து சொன்னார். ஏழாவது வாரம் வியாழக்கிழமை, சரியாக ஐந்து மணிக்கு, அவ்வளவு பெரிய மதில் சோப்பு நுரை அடங்குவதுபோல் சத்தமில்லாமல் அடங்கிப்போனது. வாசல் கதவு மட்டும் பூட்டியபடியே தனியாக நின்றது, பக்கத்தில் காவலாளி. கதவைத் தாண்டி யாரையும் விடக் கூடாது என்பதுதான் அவருக்கு இட்ட உத்தரவு. கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து போகிறவர்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. நாற்பத்திரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, வரேன்ப்பா, வரேன்ப்பா என்று அவரிடம் சொல்லிக்கொண்டு வெளியே போனார்கள்.

மகள் கடைக்குள் வந்து நின்றபோது நுரையக்கா தொட்டியில் முழங்கை வரை கைவிட்டிருந்தாள். மகள்தான் ஈரத்தோடு ஈரமாக அவளைக் கட்டிக்கொண்டாள். நுரையக்கா பட்டனைப் பற்றிக் கேட்டதும் மகள் அங்கியின் இரண்டாவது பட்டனைத் தடவிப் பார்த்தாள்.

“முதல் சீட்டுலயே உன் கையெழுத்துன்னு தெரியும்மா. யார்கிட்டயும் சொல்லல. இரும்பு கேட்ட, நிழல் கேட்ட, சூரியன்கூடக் கேட்ட. என்னை மட்டும் கேக்கலையேன்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் யோசிக்கவே பிடிக்கல.”

“உத்தரவுன்னு யாருக்குடி தெரியும்? நான் கறைன்னு நினைச்சேன்.”

“ஒருவேளை உனக்குத் தெரியாதோன்னு அப்புறமாத்தான் தோணுச்சு. அதனாலதான் அந்தச் சீட்டைப் பையில வெச்சேன்.”

நுரையக்கா அன்று அழுத அழுகையில் ஆறு வருஷமும் கரைந்து போனது. பிறகு மகளைக் குளிக்கச் சொல்லிவிட்டு, அந்த அங்கியைத் தானே ஊறப்போட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மதில் வந்து நின்றது, நாற்பத்திரண்டு பேரும் அதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் உள்ளே போயிருந்தார்கள். அன்றிலிருந்து அதுதான் நடைமுறை. எட்டு ஐந்துக்கு வருகிறவர்கள் அன்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மதிலில் விளம்பரம் எழுதுகிறவர்கள் மட்டும் அலுத்துக்கொண்டார்கள், காலையில் வரும் மதில் வெறும் சுவராக வந்தது.

உள்ளே என்ன செய்கிறார்கள் என்று இனி ஊர் நேராகவே கேட்டிருக்கலாம். ஒருவரும் கேட்கவில்லை, கேட்டால் அப்புறம் பேசுவதற்கு என்ன இருக்கிறது? மகள் ஐந்தேகாலுக்குக் கடைக்கு வந்து இஸ்திரி மேசையின் மூலையில் ஏறி உட்காருவாள். உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது தெரியுமா என்று இஸ்திரிக்காரர் அவளிடமே ஆரம்பிப்பார். பேசினால் தோல் உரியும் வெங்காயமாம், அதைத்தான் இப்போது செய்கிறார்களாம், தனக்கு நம்பகமான இடத்திலிருந்து தெரியுமாம். நுரையக்கா தொட்டியருகே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். காலையிலிருந்து உள்ளேயே இருந்துவிட்டு வந்த மகள் கன்னத்தில் கை வைத்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

“அப்புறம்ப்பா?” என்பாள். நாளைக்குச் செய்ய வேலை வேண்டுமே.