படத்தில் இருந்த பெல்ட்

மீன் பொரித்த புகை வெளியே போகட்டும் என்று ஜரீனா சமையலறை ஜன்னலைத் தள்ளினாள். மேல்பக்கம் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. கண்ணாடியும் அலுமினியச் சட்டமுமாக முழுக் கதவும் வெளிப்பக்கம் சாய்ந்து, கைப்பிடியோடு அவள் கையில் தொங்கியது. ஒன்பதாவது மாடி. கீழே நடைபாதையில் பள்ளிவிட்ட பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவள் வயிற்றைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் அழுத்திக்கொண்டு இரண்டு கைகளாலும் பிடித்தாள். கத்தினால் பிடி தளர்ந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அடுப்பில் எண்ணெய் கருகத் தொடங்கிய பிறகுதான் குரல் வந்தது. காலை ஷிஃப்ட் பஸ் ஓட்டிவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்த கணவன் ரியாஸ் கைலியை முடிந்தபடி ஓடிவந்து, அவள் தோளுக்கு மேலாக எட்டிச் சட்டத்தைப் பிடித்தான். இருவரும் சேர்ந்து கதவை உள்ளே இழுத்துத் தரையில் கிடத்தினார்கள். கதவைப் பிடித்திருந்த ரிவெட்டு ஆணிகளின் இடத்தில் வெள்ளைத் துரு மாவாக உதிர்ந்தது. ரியாஸ் அடுப்பை அணைத்துவிட்டு அவளைப் பார்த்தான். அவள் விரல்கள் இன்னும் மடங்கியபடியே இருந்தன.

ஜன்னல் விழுந்தால் வீட்டின் சொந்தக்காரர்களான தங்கள்மீது வழக்கு வரும் என்று இருவருக்கும் தெரியும். மற்ற ஜன்னல்களும் அதே வயதுதான். எல்லாவற்றையும் மாற்றிவிடுவது என்று அன்றே முடிவானது. யாரை வைத்து மாற்றுவது என்பதில்தான் பேச்சு முடியாமல் இழுத்தது.

ஜரீனா தேக்கா வட்டாரத்தில் ஒரு பிரியாணிக் கடையின் சமையற்கட்டில் வேலை பார்த்தாள். தோள் வலியில் அண்டாவைத் தூக்க முடியாமல் நின்றவளிடம், கூட வேலை செய்த சம்சுன்னிசா ஜன்னல் மாட்டும், தனக்குத் தெரிந்த ஓர் ஆளின் நம்பரைக் கொடுத்தாள். ஜரீனா போன் செய்தாள். விலை குறைவுதான். கழற்றும்போது கீழே விழாமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்டதற்கு அந்த ஆள் சிரித்தான். இத்தனை வருடத்தில் ஒன்றும் விழுந்ததில்லை என்றான்.

ரியாஸுக்கு அவனே போதும் என்று தோன்றியது. யார் மாட்டினாலும் அதே கண்ணாடி, அதே சட்டம் என்றான். அந்த வாரக் கடைசியில் ஜரீனா அவனையும் இழுத்துக்கொண்டு ஒரு ஜன்னல் கம்பெனியின் ஷோரூமுக்குப் போனாள். அங்கே மாதிரி ஜன்னல்கள் சுவரே இல்லாமல் வரிசையாக நின்றன. அவள் ஒவ்வொன்றையும் திறந்து மூடினாள். வெளியே தள்ளித் திறக்கும் மாதிரி வேண்டவே வேண்டாம், பக்கவாட்டில் நகர்த்துவதே போதும் என்றாள். விற்பனையாளன் மிதுனன் இளைஞன். ஆன்ட்டி, அங்கிள் என்று மரியாதையாகப் பேசி, தன் டேப்லட்டில் வேலை நடக்கும் படங்களைக் காட்டினான். ஒரு படத்தில் தலைக்கவசமும் மஞ்சள் பெல்ட்டும் அணிந்த ஒருவர் ஜன்னல் ஓரத்தில் நின்றார். அவர் முதுகிலிருந்து கயிறு ஒன்று வீட்டுக்குள்ளே போனது.

"எல்லா வீட்லயும் இப்படித்தான் செய்வாங்களா?" என்று ஜரீனா கேட்டாள்.

"கண்டிப்பா ஆன்ட்டி. சேஃப்டி எங்களுக்கு ரொம்ப முக்கியம் லா."

ரியாஸ் பெருமூச்சு விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

வேலை நாளன்று ரியாஸ் பஸ்ஸுக்குப் போய்விட்டான். ஜரீனா லீவு எடுத்திருந்தாள். தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை செய்யும் அர்ஜுனும், தமிழ் தெரியாத பங்களாதேஷ்காரர் ஒருவரும் கண்ணாடிகளை லிஃப்டில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். தரையில் அட்டை விரித்தார்கள். அர்ஜுன் பையிலிருந்து மஞ்சள் பெல்ட்டை எடுத்துச் சுவரோரம் வைத்தான். பிறகு சமையல் மேடைமேல் ஏறி, ஒரு முழங்காலை ஜன்னல் விளிம்பில் ஊன்றி, மேல் திருகாணியைக் கழற்ற இடுப்புவரை வெளியே சாய்ந்தான். கூட வந்தவர் அவன் கால்சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஜரீனா கதவருகே நின்று பார்த்தாள்.

"தம்பி, உள்ள வாங்க. பெல்ட் போடலியா?"

அர்ஜுன் இறங்கினான். பெல்ட்டை மாட்டலாம், ஆனால் கயிற்றைக் கட்ட வாசல் நிலைக்குக் குறுக்கே வைக்கிற இரும்புக் கம்பி வேண்டும், அது இன்னொரு வீட்டில் வேலை செய்கிறவர்களிடம் இருக்கிறது என்று விளக்கினான். சின்ன வேலைதான், பழகிவிட்டது என்றான்.

ஜரீனா மிதுனனுக்குப் போன் செய்தாள். அவன் மன்னிப்புக் கேட்டான். உடனே கவனிப்பதாகச் சொன்னான். சற்று நேரத்தில் அர்ஜுனின் போன் அடித்தது. அவன் வீட்டு வாசலுக்கு வெளியே போய்ப் பேசினான். பேசியது மறுமுனைதான். இவன் "சரி சார்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொன்னதாக அவளுக்குக் கேட்கவில்லை.

கம்பி வரும்வரை மூவரும் காத்திருந்தார்கள். ஜரீனா தேநீர் போட்டுக் கொடுத்தாள். மற்றவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அர்ஜுனையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஏதும் பிரச்சினையா தம்பி?"

"இல்லக்கா." பிறகு அர்ஜுன் டம்ளரைக் கீழே வைத்தான். "இன்னிக்கு சாயங்காலம் இன்னொரு வீடு இருந்துச்சு. அது எங்களுக்கு ஓட்டி, தனிச் சம்பளம். இப்ப வேற டீமுக்குக் குடுத்துட்டாங்க."

"நான் உங்க நல்லதுக்குத்தான் கேட்டேன்."

"தெரியும்க்கா. நீங்க கேட்டதுல தப்பே இல்ல. ஆனா நான்தான் உங்ககிட்ட சொல்லிக் கேக்க வச்சேன்னு சூப்பர்வைசர் சார் நெனைக்கிறாரு."

அவள் மறுபடி மிதுனனை அழைத்து, இவர்கள் எதுவுமே சொல்லவில்லை, தானாகத்தான் கேட்டேன் என்று சொல்லப் போனாள். அர்ஜுன் கையை உயர்த்தி வேண்டாம் என்றான். இன்னும் பேசினால் இன்னும் கெடும் என்றான். அவள் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

மேற்பார்வையாளர் கம்பியைக் கொண்டுவந்து வாசலில் கொடுத்துவிட்டுப் போனார். வாசல் நிலைக்குக் குறுக்கே அதை முறுக்கி இறுக்கி, கயிற்றைக் கட்டி, அர்ஜுன் மறுபடி மேடைமேல் ஏறினான். படத்தில் பார்த்தது போலவே இருந்தது. வேலை சுத்தமாக முடிந்தது. புதிய கதவு ஒரு விரலால் தள்ளினாலே நகர்ந்தது. ஓரங்களில் வெள்ளைப் பசையை அர்ஜுன் ஈரத்துணியால் துடைத்து, தரையைப் பெருக்கி, அட்டைகளை மடித்து எடுத்துக்கொண்டான். ஜரீனா பிரியாணிப் பொட்டலம் இரண்டைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு, "வரேன்க்கா" என்று சொல்லிப் போனான்.

அவர்கள் லிஃப்டில் இறங்கும்போதே மிதுனனிடமிருந்து செய்தி வந்தது. சேவை எப்படி இருந்தது என்று ஐந்து நட்சத்திரங்கள் கேட்டன. அவள் ஐந்தையும் அழுத்தினாள். அர்ஜுன் மிக நன்றாக வேலை செய்தார் என்று எழுதினாள். இதையும் அவன்தான் எழுதச் சொன்னான் என்று நினைத்துவிடுவார்களோ. அவன் பெயரை எடுத்துவிட்டு, எல்லோரும் நன்றாக வேலை செய்தார்கள் என்று மாற்றி அனுப்பினாள்.

மழை பிடித்தது. முதல்முறையாகப் புதிய ஜன்னலை மூடப் போனவள் கீழே பார்த்தாள். கம்பெனி லாரி நடைபாதையோரம் நின்றது. திறந்த பின்பக்கத்தில் வேறு வீட்டுக்கான புதிய கண்ணாடிகள் கனமான போர்வைகளில் சுற்றி நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தன. கம்பி கொண்டுவந்த மேற்பார்வையாளர் முன்பக்கத்திலிருந்து குடையோடு இறங்கிவந்து, அவற்றின்மேல் தார்ப்பாயை இழுத்து மூடி, கயிற்றை இருபுறமும் ஆட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் தளர்வாக இருந்தது போலும். அவிழ்த்து மறுபடி கட்டினார்.

தார்ப்பாய்க்கு வெளியே, லாரியின் விளிம்போரமாக, அர்ஜுனும் மற்றவரும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். மேற்பார்வையாளர் குடையை மடக்கி டிரைவர் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினார். லாரி திரும்பி, நெடுஞ்சாலைக்குப் போகும் வழியில் வேகமெடுத்தது.